ஞாயிற்றுக்கிழமை வெட்டிய வலை

காலை ஐந்து ஐம்பது. முதலில் கண்ணில் பட்டது ஒரு நாய். அலையாத்திக் காட்டுக்குள் போகும் பாதை தொடங்குகிற இடத்தில், கிழிந்த வலைக் குவியல் ஒன்றின் மேல் சுருண்டு படுத்திருந்தது. என் ஸ்கூட்டர் வெளிச்சம் பட்டதும் எழுந்து, உடம்பை உதறிக்கொண்டு, உப்பளப் பக்கம் நடந்துபோனது. தென்கிழக்கே துறைமுகத்தின் விளக்குகள் இன்னும் அணையவில்லை. அனல்மின் நிலையத்தின் புகை வாடைக் காற்றில் தெற்கே சாய்ந்திருந்தது.

வேலை ஆறரைக்குத்தான். நான் எப்போதும் முன்னாலேயே வந்துவிடுவேன். பத்திரிகை அலுவலகத்தில் பிறர் எழுதியதைத் திருத்திக்கொண்டே பல வருஷம் கழித்தவன். அந்த வேலையை விட்ட பிறகு விடியற்காலை பெரிய தொந்தரவாகிவிட்டது. தூக்கம் நாலு மணிக்கே கலைந்துவிடும். பேப்பர் வரும்வரை வீட்டுக்குள் நடப்பேன். பேப்பர் வந்தால் தலைப்பில் பிழை இருக்கும். அதைச் சொல்ல ஆள் கிடையாது. இப்படி இருந்தவனைத்தான் பக்கத்துத் தெரு டீச்சர் இந்த வேலைக்கு இழுத்துவந்தார். "சும்மா நடக்கதுக்கு, ஒரு கோணிப்பைய கையில வச்சுக்கிட்டு நடங்க சார்" என்றார்.

டீச்சர் நாசரேத்துக்காரர். பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. கழுத்தில் விசில் தொங்கும். நகரத்துக்கு வடக்கே, உப்பளங்களுக்கும் கடலுக்கும் நடுவே இருக்கும் இந்த அலையாத்திக் காட்டையும், அதற்குள் போகும் ஒற்றையடிப் பாதையையும் பராமரிக்கும் குழு அவர் தொடங்கியதுதான். கல்லூரிப் பிள்ளைகள், வங்கி ஊழியர்கள், கப்பல் ஏஜென்ட் அலுவலகத்தில் வேலை பார்ப்பவர்கள் வருவார்கள். பாதையை அடைக்கும் சீமைக் கருவேலக் கிளைகளை வெட்டுவோம். பைக்குகள் நாற்றுகள் மேல் ஏறாமல் இருக்க இரண்டு பக்கமும் கல் வைத்துச் சுண்ணாம்பு அடிப்போம். வேர்களில் சிக்கிய பிளாஸ்டிக்கைப் பிடுங்குவோம். எல்லாவற்றையும் டிராக்டரில் ஏற்றி மாநகராட்சிக் குப்பைக் கிடங்குக்கு அனுப்புவோம்.

ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தெடுத்ததற்கு விடுமுறை மட்டும் காரணமில்லை. பக்கத்துக் கடற்கரை ஊரில் ஞாயிறன்று யாரும் கடலுக்குப் போகமாட்டார்கள். காலையில் எல்லோரும் மாதா கோயிலில் பூசைக்கு இருப்பார்கள். கரை காலியாக இருக்கும், யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் வேலை முடிக்கலாம் என்பது டீச்சரின் கணக்கு. அதில் தவறிருப்பதாக அன்றுவரை எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

குழுவுக்கு ஒரு சட்டம் உண்டு. கைவிடப்பட்ட வலை எதுவானாலும் வெட்டாமல் ஏற்றக்கூடாது. முழத்துக்கு ஒரு வெட்டு. முழுசாக அனுப்பிய வலை ஒன்று மழையில் ஓடை வழியே மறுபடி கடலுக்கே போய், அதில் ஆமை ஒன்று சிக்கிச் செத்துக் கரையில் ஒதுங்கியதை டீச்சர் பார்த்திருக்கிறார். அதிலிருந்து அவர் பையில் எப்போதும் இரண்டு பெரிய கத்தரிக்கோல்கள் இருக்கும், தோட்டக்காரர்கள் வேலி கத்தரிக்கும் வகை.

அன்று வேலை தொடங்கியதும் முதலில் அந்தக் குவியலுக்குத்தான் போனார்கள். மேலே கிடந்த வலை நைந்து, பாசி காய்ந்து, சிப்பி ஒட்டி, நாய் முடி படிந்திருந்தது. ஊர்க்காரர்களின் சிறு படகுகளான வள்ளங்கள் நிற்கும் மணல் கரை அங்கிருந்து அரைக் கிலோமீட்டர். வேலை செய்கிற வலையை யாரும் காட்டு ஓரத்தில் சேற்றுக்குப் பக்கத்தில் போடமாட்டார்கள். நான் சற்றுத் தள்ளிக் கற்களுக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தேன். பேச்சு கேட்டது.

"டீச்சர், அடியில புது வலை மாதிரி இருக்கே" என்றான் ஒரு கல்லூரி மாணவன்.

"நைலானுக்கு ஏதுலே புதுசு பழசு? நூறு வருஷம் கழிச்சுத் தோண்டி எடுத்தாலும் இப்படித்தான் மினுங்கும். அதாம்லே பிரச்சனையே. வெட்டு."

அவர் சொன்னது பொய்யல்ல. முந்தின மாதம் மணலுக்குள்ளிருந்து நாங்கள் இழுத்தெடுத்த வலை, கடையிலிருந்து அப்போதுதான் வந்தது போல் இருந்தது. மாணவன் வெட்டினான். இன்னும் நாலு பேர் சேர்ந்துகொண்டார்கள். கோயில் மணி இரண்டு தடவை அடித்தது. எட்டு மணிக்கு டிராக்டர் கிளம்பிப் போயிற்று. டீ வந்தது. நான் டம்ளரை வைத்துக்கொண்டு உட்காராமல் பாதையில் முன்னும் பின்னும் நடந்தேன். சுண்ணாம்பு காய்கிற வரை எனக்குச் செய்ய ஒன்றுமில்லை.

எட்டரைக்கு மேல், ஊர்ப் பக்கமிருந்து ஒருவர் வேகமாக வந்தார். நாற்பது வயதிருக்கும். வெள்ளைச் சட்டை, இஸ்திரி போட்ட வேட்டி, செருப்பு கையில். பூசை முடிந்து நேரே வருகிறார் என்று தெரிந்தது. குவியல் கிடந்த இடத்துக்கு வந்து நின்றார். அங்கே ஈரமான வட்டம் ஒன்றுதான் இருந்தது. சுற்றிலும் நைலான் நரம்புகள் சிதறியிருந்தன. ஒன்றைப் பொறுக்கி விரல்களுக்கு நடுவே வைத்துப் பார்த்தார்.

"இங்கன கெடந்த வலை எங்க?"

டீச்சர்தான் முன்னால் போனார். "அண்ணே, அது யாரோ போட்டுட்டுப் போன பழைய வலைன்னு..."

"பழசு மேல கெடந்தது, டீச்சர். வெயிலு படாம இருக்கப் பழசப் போட்டு மூடியிருந்தேன். அடியில இருந்தது எது?"

"நாங்க..."

"வெட்டுனியளா?"

டீச்சர் தலையாட்டினார்.

"ஏ, மாதாவே" என்றார் அவர். சத்தம் போடவில்லை. செருப்பைக் கீழே போட்டார்.

டீச்சர் மன்னிப்புக் கேட்டார். இரண்டு தடவை கேட்டார். "மன்னிப்புக் கேட்டா கயிறு ஒட்டுமா?" என்றார் அவர். புது வலை வாங்கித் தருகிறோம், இன்றைக்கே கடை திறக்கச் சொல்கிறோம் என்றார் டீச்சர். வலைக்காரர் முகத்தில் முதல்முறையாகக் கோபம் வந்தது அப்போதுதான்.

"கடையில வலை விப்பான் டீச்சர். கட்டுன வலை விப்பானா? கயித்துல கோத்து, மிதவை கட்டி, குண்டு கட்டி, ராத்திரி ராத்திரியா உக்காந்து ஒத்தையில கட்டுனது. நாளைக்கு விடியக்காலம் எறக்கணும். நாளைக்கு எறக்கலன்னா நான் மறுபடி என் மச்சான் போட்டுல ஏறணும்."

அதற்கு என்ன அர்த்தம் என்பதை அவர் கிடங்குக்குப் போகும் வழியில் என் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து சொன்னார். டிராக்டர் டிரைவரின் போன் அணைந்திருந்தது, வேறு யாருக்கும் வண்டியை எடுக்கத் தோன்றவில்லை, நான் கிளப்பிவிட்டேன். சும்மா நிற்பதைவிட அது எளிதாக இருந்தது.

மனைவியின் அண்ணனுக்கு விசைப்படகு இருக்கிறது. அதில் இவர் கூலிக்கு வேலை பார்த்தார். போன மாதம் கடலில் வைத்து எல்லார் முன்னாலும் மச்சான் கை நீட்டிவிட்டார். காரணத்தை அவர் சொல்லவில்லை. கரைக்கு வந்ததும், இனி உன் படகில் ஏறமாட்டேன் என்று சொல்லிவிட்டு இறங்கினார். அப்பா விட்டுப்போன பழைய வள்ளம் இருந்தது. நண்டு வலை கட்டத் தொடங்கினார். மணல் கரையில் உட்கார்ந்து கட்டினால் மச்சானின் ஆட்கள் கேலி பேசுவார்கள் என்பதால் வலையைக் காட்டு ஓரத்துக்குக் கொண்டுவந்து வைத்தார்.

"மச்சான் இன்னமும் எனக்கு இடம் வச்சிருக்காரு. திங்கக்கெழம வரைக்கும்னு தங்கச்சிக்கிட்ட சொல்லி அனுப்பிருக்காரு. அதுக்கப்பறம் கன்னியாகுமரிப் பக்கத்து ஆளைப் போட்டுருவாராம்."

"ரெண்டு வாரம் கழித்து உங்கள் வலையை இறக்கினால் என்ன?"

"அதுவரைக்கும் வீட்டுல என்னத்தச் சாப்பிட? ரெண்டு புள்ளைய இருக்கு சார். நேரா பாத்து ஓட்டுங்க, லாரி வாரான்."

கிடங்கில் டிராக்டர் நின்றது. டிரைவர் அதன் நிழலில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஓட்டப்பிடாரத்துக்காரர், எங்கள் குழுவுக்கு எப்போதும் வருபவர். வலை எங்கே என்று கேட்டதும் கையால் காட்டினார். காட்டிய இடத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் எச்சில் இலைகளை அதற்குள் வேறொரு வண்டி கொட்டியிருந்தது.

"கொட்டியாச்சே அண்ணாச்சி. வேணும்னா முன்னாடியே சொல்லியிருக்கணும்லா?" என்றார் என்னைப் பார்த்து.

"ஒன் போன அமத்திப்போட்டுட்டு எவன்கிட்டச் சொல்ல?" என்றார் வலைக்காரர்.

"நீரு யாருவே?"

"வலைக்குச் சொந்தக்காரன்."

டிரைவர் இலையை மடித்தார். பிறகு சற்று யோசித்து, வண்டியின் கருவிப் பெட்டியிலிருந்து ஒரு சாக்கு மூட்டையை எடுத்து வலைக்காரர் காலடியில் வைத்தார். உள்ளே ஈயக் குண்டுகள். "பழைய வலைதானேன்னு உருவி வச்சேன். குப்பையில போறதுக்கு" என்றார். அதை அவர் இன்னொரு தடவை சொன்னார். வலைக்காரர் அவரைத் திட்டவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இலைக் குவியலின் மேல் ஏறினார்.

வெள்ளைச் சட்டையோடுதான் ஏறினார். சாம்பார், மோர், வாழையிலை, காக்கை. கையை உள்ளே விட்டு இழுத்தால் முழ நீளத் துண்டு வரும், உதறுவார், அடுத்தது. கொஞ்ச நேரத்தில் டிரைவரும் ஏறினார். நானும் ஏறினேன். எடுக்க எடுக்க எங்கள் வேலை எவ்வளவு ஒழுங்காக நடந்திருக்கிறது என்பது தெரிந்தது. எல்லாத் துண்டுகளும் ஏறத்தாழ ஒரே நீளம். மேல் கயிறு, அடிக் கயிறு, வலை, மூன்றும் ஒரே இடத்தில் நேராக அறுபட்டிருந்தன.

பதினொன்றரைக்கு டிராக்டர் அத்தனையும் ஏற்றிக்கொண்டு காட்டு ஓரத்துக்குத் திரும்பிவந்தது. யாரும் வீட்டுக்குப் போயிருக்கவில்லை. சிலர் போக நினைத்தும் டீச்சர் பார்த்த பார்வையில் உட்கார்ந்துவிட்டதாகப் பிறகு ஒருவர் சொன்னார். வலைக்காரரின் மனைவியும் வந்திருந்தார். குடத்தில் தண்ணீர் கொண்டுவந்திருந்தார். துண்டுகளை அலசி, மணலில் வரிசையாகப் பரப்பினோம்.

வெட்டுப்பட்ட கயிற்றை எப்படி இணைப்பது என்று வலைக்காரர் ஒருமுறை காட்டினார். முடிச்சுப் போடக்கூடாது, முடிச்சில் வலை சிக்கிக்கொண்டு கடலுக்குள் விரியாது. இரண்டு முனைகளையும் புரி பிரித்து, ஒன்றுக்குள் ஒன்றைச் செலுத்தி முறுக்க வேண்டும். டீச்சர் முதலில் உட்கார்ந்தார். மூன்றாவது தடவை முறுக்கியும் இழுத்தபோது கழன்றது.

வலைக்காரரின் மனைவி பார்த்துக்கொண்டிருந்தார். "டீச்சர், இது வரலன்னுட்டு முடிச்சு கிடிச்சுப் போட்டுராதிய. நீங்க போடுத முடிச்ச நண்டே அவுத்துரும்" என்றார்.

மாணவர்கள் சிரித்தார்கள். டீச்சரும் சிரித்தார். வலைக்காரர் சிரிக்கவில்லை.

மதியம் யாரோ பிரியாணிப் பொட்டலங்கள் வாங்கிவந்தார்கள். நான் நின்றுகொண்டே சாப்பிட்டேன். மூன்று மணிக்கு ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை நடந்து பார்த்தேன். முறுக்கி இணைத்த பகுதி, இணைக்காத பகுதியில் பாதிகூட இல்லை. வலைக்காரரும் அதைப் பார்த்தார். ஒவ்வொரு இணைப்பையும் காலில் மிதித்துக்கொண்டு இழுத்துச் சோதித்தார். நாங்கள் முறுக்கியவற்றில் பலதைப் பிரித்துவிட்டு அவரே மறுபடி முறுக்கினார். அவர் பிரிக்கும்போது அந்தத் துண்டை முறுக்கியவர் வேறு பக்கம் பார்ப்பார். இணைத்த இடங்களில் கயிறு சுருங்கியது. கயிறு சுருங்க, வலை மடிப்பு மடிப்பாகத் தொங்கியது. அதைச் சரிசெய்யக் கண் கண்ணாகப் பிரித்து மறுபடி கோர்க்க வேண்டும்.

"பாதியாவது நாளைக்கு இறக்கலாம்லா?" என்று டீச்சர் கேட்டார்.

"பாதி வலைக்கு டீசல் யார் போடுவா?"

"நாங்க..."

"டீச்சர்" என்றார் அவர். "நீங்க சும்மா இருங்க."

டீச்சர் சும்மா இருந்தார். ஆனால் கையை நிறுத்தவில்லை. விரல் நுனிகள் சிவந்து, ஒன்றில் ரத்தம் கசிந்தது. விசிலைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டிருந்தார்.

ஐந்து மணி சுமாருக்கு மண் பாதையில் ஒரு பைக் வந்து நின்றது. வண்டியை அணைக்காமல், இறங்காமல், அதிலிருந்தவர் மணலில் பரப்பியிருந்ததைப் பார்த்தார். கனத்த உடம்பு, மடிப்புக் கலையாத சட்டை. வலைக்காரரின் மனைவி எழுந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டார். அவருடைய அண்ணன்.

"என்ன மாப்ள, படிச்சவங்க எல்லாம் வந்து நம்ம தொழிலப் பழகுதாவ போலுக்கு" என்றார்.

வலைக்காரர் நிமிரவில்லை.

"நாளைக்கு அஞ்சு மணிக்கு போட்டை எடுப்பேன்" என்றார் மச்சான். தங்கையைப் பார்த்து, "புள்ளையளுக்குச் சொகமில்லன்னாளே அம்மா, இப்ப எப்பிடி இருக்கு?" என்று கேட்டார். பரவாயில்லை என்றார் தங்கை. பைக் திரும்பிப் போனது. அவர் கிண்டல் செய்யத்தான் வந்தாரா, வேறெதற்காவது வந்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. செய்தியாக எழுதியிருந்தால் அந்த இடத்தில் ஒரு வரி காலியாக விட்டிருப்பேன்.

இருட்டத் தொடங்கியதும் மாணவர்கள் போன் விளக்குகளைப் போட்டார்கள். வலைக்காரர் எழுந்து நின்று இடுப்பைப் பிடித்துக்கொண்டார். "போதும். வீட்டுக்குப் போங்க எல்லாரும். கண்ணு தெரியாம கோத்தா மறுபடி பிரிக்கணும்." எங்களுக்கு அவர் சொன்ன கடைசிச் சொல் அதுதான். வலையை மனைவியோடு சேர்ந்து சுருட்டினார். இந்தமுறை மேலே எதையும் போட்டு மூடவில்லை. இருவரும் தோளில் தூக்கிக்கொண்டு ஊர்ப் பக்கம் நடந்தார்கள்.

அன்று இரவு குழுவின் வாட்ஸ்அப்பில் பேச்சு வந்தது. இதைப்பற்றி வெளியே எழுத வேண்டாம் என்றார் ஒருவர். வலைகளை வெட்டுவதற்கு முன் ஊரில் ஒருவரைக் கேட்க வேண்டும் என்றார் இன்னொருவர். யாரைக் கேட்பது, ஞாயிறு காலை எல்லோரும் பூசையில் இருப்பார்களே என்றார் மற்றொருவர். டீச்சர் எதற்கும் பதில் போடவில்லை. அவர் ஆன்லைனில் இருக்கிறார் என்பது மட்டும் தெரிந்தது. நான் போனைக் கவிழ்த்து வைத்தேன், மறுபடி எடுத்தேன், மறுபடி வைத்தேன்.

திங்கட்கிழமை பேப்பருக்குக் காத்திருக்காமல் கிளம்பிவிட்டேன். விசைப்படகுகள் நிற்கும் மீன்பிடித் துறைமுகத்துக்கா, வள்ளங்களின் கரைக்கா என்று முடிவு செய்யாமலே பாலம் வரை ஓட்டினேன். பிறகு வடக்கே திரும்பினேன். மணல் கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது வெளிச்சம் வந்துவிட்டது. சில வள்ளங்கள் ஏற்கெனவே கடலில் இருந்தன. தண்ணீர் எண்ணெய் ஊற்றினாற்போல் அசையாமல் கிடந்தது.

வள்ளங்களுக்கு நடுவே, எல்லோரும் பார்க்கும்படியான இடத்தில், வலை விரித்துக் கிடந்தது. ஒரு முனையில் வலைக்காரரின் மனைவி. மறுமுனையில் டீச்சர், பள்ளிக்கூடச் சேலையில், மடியில் வலைத் துண்டைப் போட்டுக்கொண்டு. இரண்டு விரல்களில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. கயிற்றின் புரியைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"ஸ்கூலுக்கு நேரமாகலையா?" என்றேன்.

"எட்டே முக்காலுக்குத்தான் பிரேயர்."

"டீச்சருக்கு இப்ப கொஞ்சம் கை வருது" என்றார் வலைக்காரரின் மனைவி. "நண்டு அவுக்கக் கொஞ்ச நேரம் ஆவும்."

நான் உட்கார்ந்தேன். எனக்கும் ஒரு துண்டைத் தள்ளினார்கள். முனையைப் பிரித்தேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"உங்க வீட்டுக்காரர் எங்கே?"

டீச்சர் கயிற்றிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நாலு மணிக்கே எந்திரிச்சுக் குளிச்சிட்டுப் போயிட்டாவ சார்" என்றார் மனைவி. "பழைய கஞ்சியக் குடிச்சிட்டுப் போங்கன்னேன். வேண்டாம்னுட்டாவ."

விசைப்படகுகள் காலை ஐந்து மணிக்குப் புறப்படும். இரவு ஒன்பது மணிக்குள் கரை திரும்ப வேண்டும்.